ஹீட்டர் ப்ளோயர் நான்காம் எண்ணில் மட்டும் ஓடுகிறது: ரெசிஸ்டரா, மோட்டாரா?

மலைப்பாதை (குன்னூர்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2011 மாடல் சிறிய பெட்ரோல் கார். ஏசி, ஹீட்டர் இரண்டும் கையால் திருகும் குமிழ் வகை. ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று எதில் வைத்தாலும் காற்று துளியும் வருவதில்லை. நான்கில் வைத்தால் மட்டும் முழு வேகத்தில் இரைந்துகொண்டு ஓடுகிறது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்னத் தொல்லை. இங்கே அப்படி இல்லை. பர்லியாறு தாண்டி ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டால், கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து எதிரே வரும் லாரியின் விளக்குகூடத் தெரியாது. ப்ளோயரை நான்கில் வைத்தால் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கண்ணாடி மங்குகிறது.

கோவையில் ஒரு பணிமனையில் கேட்டேன். டாஷ்போர்டை இறக்கி ப்ளோயரை முழு செட்டாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். ஊரில் ஒருவரோ, உள்ளே சின்ன ஃப்யூஸ் ஒன்று போயிருக்கும், அதை ஒயர் வைத்து இணைத்துவிட்டால் போதும் என்கிறார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. இன்னொன்று: மழைக்காலம் முடிந்ததிலிருந்து காலையில் வண்டியை எடுத்ததும் ப்ளோயர் பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்து, சற்று நேரத்தில் அடங்கிவிடும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈரோட்டு வயரிங்

தம்பி, டாஷ்போர்டை யாரும் தொட வேண்டாம். நான்கில் மோட்டார் ஓடுகிறது என்றாலே மெயின் ஃப்யூஸ், எர்த் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். நான்காம் எண்ணில் மின்சாரம், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரின் (மின்தடை) சுருள்கள் வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. மற்ற மூன்றும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். அதில் மூன்று கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும். ஒன்றாம் எண்ணில் மூன்றும் சேர்ந்து தடுக்கும், இரண்டில் இரண்டு, மூன்றில் ஒன்று. மூன்று சுருள்களும் ஒரே நாளில் அறுந்துபோவதை நான் பார்த்ததில்லை. மூன்றுக்கும் பொதுவாக அதே தகட்டில் ஒரு தெர்மல் ஃப்யூஸ், அதாவது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்னப் பாகம், உட்கார்ந்திருக்கும். அது திறந்துகொண்டால் மூன்று வேகமும் ஒன்றாகப் போய்விடும்.

வேறு யாராவது பின்னால் இந்த இழையைப் படிக்கலாம் என்பதால் மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் எண் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதற்குரிய சுருள், அல்லது ஸ்விட்சுக்குள் அந்த முனை கருகியிருக்கும். நான்கு மட்டும் வராமல் மற்றவை வந்தால் ஸ்விட்சையும், வண்டியில் தனி ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) இருந்தால் அதையும் பாருங்கள். எதிலுமே ஓடவில்லை என்றால் ஃப்யூஸில் தொடங்கி எர்த் வரை போக வேண்டும். ப்ளோயர் கூட்டைக் கையால் தட்டியதும் ஓடத் தொடங்கினால், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். க்ளவ் பாக்ஸை (முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியை) இறக்குங்கள். அங்கே மஞ்சள் நிற உறையுள்ள ஒயர் தென்பட்டால் அது ஏர்பேக்குக்கானது, கை வைக்காதீர்கள். ப்ளோயர் மோட்டாருக்கு அருகில், காற்றுக் குழாயின் சுவரில் ஒரு கனெக்டர் செருகியிருக்கும். பெரும்பாலும் இரண்டே திருகுகள். கழற்றினால் ரெசிஸ்டர் கையோடு வந்துவிடும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே தொடாதீர்கள், சுட்டுவிடும்.

அந்தக் கீச்சென்ற சத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. அதைப் பிறகு பேசுவோம்.

வாடகை ஓட்டுநர் (திருப்பூர்)

ஐயா சொல்வது முறையான வழி. ஆனால் நடைமுறையையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் இந்த ஃப்யூஸை ஒயர் போட்டு இணைத்துக்கொண்டு ஓடும் வண்டிகள் பல இருக்கின்றன. கடையில் கிடைக்கும் மாற்று ரெசிஸ்டர் சில நூறு ரூபாய்தான். ஆனால் தரம் குறைந்தது, சில மாதங்களில் மறுபடி போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திவைத்தால் அன்றைய சவாரி போய்விடும். ஒயர் போட்டால் மூன்று வேகமும் உடனே கிடைக்கிறது. வண்டியில் 30 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் இருக்கும்போது இந்தச் சின்ன ஃப்யூஸ் எதற்கு? இதில் என்ன ஆபத்து என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஓம் விதி (மதுரை)

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்த இடத்தில் கணக்கை விட நல்ல சாட்சி கிடையாது.

ஒன்றாம் எண்ணில் ரெசிஸ்டரின் மொத்தத் தடை சுமார் 2 ஓம், மோட்டார் இழுப்பது 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 8 வோல்ட் ரெசிஸ்டரிலேயே இறங்கிவிடுகிறது. 8 ஐ 4 ஆல் பெருக்கினால் 32 வாட். ஒரு சின்ன சாலிடரிங் இரும்பின் வெப்பம் இது. இவ்வளவு வெப்பமும் ஒரு தீப்பெட்டி அளவுப் பொருளில், பிளாஸ்டிக் குழாய்க்குள் உண்டாகிறது. அது உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதே மோட்டார் அனுப்பும் காற்று அதன் மேல் ஓடிக்கொண்டே இருப்பதுதான். ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருப்பதன் நோக்கம் அதுவே.

இப்போது மோட்டார் இறுகி நின்றுவிட்டது என்று கொள்வோம். குமிழ் மூன்றில் இருக்கிறது. சுருளின் தடை 0.4 ஓம், நின்ற மோட்டாரின் தடை ஏறக்குறைய 0.5 ஓம். 12 ஐ 0.9 ஆல் வகுத்தால் 13 ஆம்பியருக்குச் சற்று மேல். ரெசிஸ்டரில் மட்டும் 70 வாட்டுக்கு மேல் வெப்பம். காற்றோ சுத்தமாக இல்லை. இப்போது உங்கள் 30 ஆம்பியர் ஃப்யூஸைப் பாருங்கள். 13 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். சுருள் செக்கச் சிவக்கும். குழாயில் சருகு ஏதாவது கிடந்தால் பற்றிக்கொள்ளும்.

மெயின் ஃப்யூஸ் பார்ப்பது மின்னோட்டத்தை. தெர்மல் ஃப்யூஸ் பார்ப்பது வெப்பத்தை. இந்தப் பழுதில் மின்னோட்டம் அளவுக்குள் இருக்கும்போதே வெப்பம் எல்லை மீறுகிறது. அதனால் ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை நீக்க முடியாது. அந்த ஒயரைப் போட்டுக்கொண்டு ஓடும் உங்கள் நண்பர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

தேம்ஸ் கரை (லண்டன்)

கணக்கில் வந்தது இங்கே தெருவிலேயே நடந்தது. வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி என்ற குடும்ப வண்டி பல இடங்களில் தீப்பற்றி எரிந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு இல்லாத, கையால் திருகும் ஹீட்டர் கொண்ட வண்டிகளில்தான் இது நடந்தது. 2015 இல் சுமார் 2,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ப்ளோயர் ரெசிஸ்டரின் தெர்மல் ஃப்யூஸை யாரோ முறையற்ற வகையில் பழுதுபார்த்திருந்ததே காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது. அத்துடன் முடியவில்லை, 2016 இல் மறுபடியும் அழைக்க வேண்டி வந்தது. இந்த முறை மோட்டார் துருப்பிடித்து இறுகுவதும் காரணமாகப் பேசப்பட்டது. நிறுவனம் விசாரணையைத் தொடங்கவே தாமதித்தது என்று 2017 இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு கடுமையாகக் கண்டித்தது.

அந்தச் செய்திகளில் என்னை உலுக்கிய ஒன்று: பின் இருக்கையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள் பலர். க்ளவ் பாக்ஸ் பக்கமிருந்து புகை வந்ததும் வண்டியை ஓரங்கட்டிக் குழந்தைகளை அவிழ்த்து இறக்குவதற்குள் உள்ளே தீ பரவியிருக்கிறது. குன்னூர் நண்பரே, ஒயர் போடச் சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வண்டியை அவரிடம் விடாதீர்கள்.

வாடகை ஓட்டுநர் (திருப்பூர்)

ஓம் விதி ஐயாவின் கணக்கு தெளிவாக இருந்தது, நன்றி. ஸ்டாண்டில் சொல்கிறேன். ஒரு கேள்வி மட்டும். ஒயருக்குப் பதிலாகப் புது தெர்மல் ஃப்யூஸ் ஒன்றையே வாங்கி வைத்தால் சரியாகுமா? மின்பொருள் கடைகளில் அது தனியாகவே கிடைக்கிறதே.

ஈரோட்டு வயரிங்

கிடைக்கிறது. ஆனால் அதே வெப்ப அளவும், அதே அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியர் அளவும் இருக்க வேண்டும். அளவு ஃப்யூஸின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். அழிந்துபோய் படிக்க முடியவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். சாலிடர் வைக்கப் போனால் இரும்பின் சூட்டிலேயே புது ஃப்யூஸ் திறந்துகொள்ளும். உலோகக் குழல் வைத்து நசுக்கி இணைக்க வேண்டும். முன்பு இருந்த அதே இடத்தில், சுருளுக்கு அதே தூரத்தில் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் வெப்பம் தெரியாமல் காவல் காக்கும். இவ்வளவு பாடுபடுவதற்குத் தரமான ரெசிஸ்டர் முழுதாக வாங்குவதே மேல் என்பது என் கட்சி. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் பாகத்தைத் தேடலாம். வாங்கும்போதே மல்டிமீட்டரால் சோதித்து வாங்குங்கள்.

சில மாதங்களில் மறுபடி போய்விடுகிறது என்று சொன்னீர்களே, அதைத்தான் எல்லாரும் தவறாகப் படிக்கிறார்கள். ரெசிஸ்டர் மட்டமானது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது முறையும் போகிறது என்றால் மோட்டாரைப் பாருங்கள், காற்று வரும் வழியைப் பாருங்கள்.

மலைப்பாதை (குன்னூர்)

அனைவருக்கும் நன்றி. கழற்றிவிட்டேன், நீங்கள் சொன்னபடி இரண்டே திருகுகள்தான். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

தெர்மல் ஃப்யூஸின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் ஒலிக்கவில்லை, அது திறந்துவிட்டது. சுருள்கள் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.3 ஓம் காட்டியது. அதைக் கழித்த பிறகு ஒன்று, இரண்டு, மூன்றாம் எண்களுக்கான மொத்தத் தடை முறையே 2.1, 1.0, 0.4 ஓம். ரெசிஸ்டர் தகட்டின் மேல் தைலமர இலைத் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு, ஓரம் கருகிப் பழுப்பாக இருந்தன. எடுத்ததும் கையில் பொடியாகிவிட்டன. கனெக்டர் வெள்ளை பிளாஸ்டிக். அதில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் வளையம் விழுந்திருக்கிறது. அந்த ஒயரின் உறை விறைத்துப்போய் வளைத்தால் வெடிக்கிறது. மற்ற ஒயர்கள் மென்மையாக இருக்கின்றன.

வண்டியை வீட்டு வாசலில் தைலமரத்தின் கீழேதான் நிறுத்துகிறேன். கேபின் ஃபில்டர் (உள்ளே வரும் காற்றை வடிகட்டுவது) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கூடுதான் இருக்கிறது. பழைய கார் வாங்கியதால் முந்தைய உரிமையாளர் எடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

பனிநகரம் (பிராம்ப்டன், கனடா)

அந்தப் பழுப்பு வளையத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் வண்டியே எடுக்க முடியாது. இந்தப் பழுது எங்கள் தெருவில் சர்வசாதாரணம். புது ரெசிஸ்டரை அதே பழைய கனெக்டரில் செருகாதீர்கள். முனை தளர்ந்தோ துருப்பிடித்தோ போனால் அந்த இடத்திலேயே தடை உண்டாகிறது. வெறும் 0.05 ஓம் இருந்தாலும் 15 ஆம்பியர் ஓடும்போது 11 வாட்டுக்கு மேல் அந்த ஒற்றை முனையில் சுடும். பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? ஒயரோடு கூடிய புதுக் கனெக்டர் தனியாக விற்கிறது. பழையதை வெட்டிவிட்டு, ஒயர் எங்கே மென்மையாக இருக்கிறதோ அதுவரை பின்னால் போய் இணையுங்கள். விறைத்த ஒயரில் இணைத்தால் பயனில்லை. ஒயரின் தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது.

இன்னொன்று, கண்ணாடி தெளிவதற்கு வேகம் மட்டும் போதாது. ஹீட்டரோடு ஏசி பட்டனையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று பலர் கேட்கிறார்கள். ஏசி சுருள் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடும். பிறகு அதே காற்று ஹீட்டரில் சூடாகிக் கண்ணாடிக்கு வரும். உட்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். உறைநிலைக்குச் சற்று மேலே வரைதான் ஏசி உதவும். எங்கள் ஜனவரியில் அது ஓடாது. உங்கள் குன்னூரில் தாராளமாக ஓடும்.

ஈரோட்டு வயரிங்

பிராம்ப்டன் நண்பர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இப்போது அந்தக் கீச்சென்ற சத்தத்துக்கு வருவோம். மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், தம்பி. எச்சரிக்கை: சாதாரண மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் வரைதான் அளக்க முடியும், இதில் வைத்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதிலும் நேர்மின்னோட்டம் அளக்கும் வகை. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல மாறுமின்னோட்டத்தை மட்டும்தான் காட்டும். அதை வைத்தால் பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றும். ஊரில் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் யாரிடமாவது இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, நான்கில் வைத்து, மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டுப் பாருங்கள். உங்கள் அளவு வண்டிக்கு 12 முதல் 16 ஆம்பியர் என்றால் நான் கவலைப்பட மாட்டேன்.

மோட்டாரை இறக்கினால் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு தள்ளுக்குச் சில சுற்றுகளாவது தானாகச் சுற்ற வேண்டும்.

மலைப்பாதை (குன்னூர்)

ஐயா, அளந்தாயிற்று. நான்கில் 22 ஆம்பியர்! மோட்டாரை இறக்கிச் சுற்றினால் பாதிச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. தண்டைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆட்டமும் இருக்கிறது. விசிறியின் கூட்டுக்குள் சருகும் மண்ணும் கைப்பிடி அளவு. கூட்டின் அடியில் நீர் தேங்கிக் காய்ந்த கறையும் தெரிகிறது. வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை மூடியைத் திறந்து பார்த்தேன். அங்கே நீர் வடியும் துளையை இலைகள் அடைத்திருந்தன. மழைநீர் நிரம்பி உள்ளே வழிந்திருக்க வேண்டும். மோட்டாரின் புஷ்ஷுக்கு (தண்டு சுழலும் வளையத்துக்கு) எண்ணெய் விட்டால் தேறுமா, அல்லது புது மோட்டார்தானா?

ஓம் விதி (மதுரை)

இப்போது கதை முழுதாகத் தெரிகிறது. துளை அடைத்தது, நீர் புகுந்தது, புஷ் துருப்பிடித்தது, மோட்டார் இறுகியது. இறுகிய மோட்டார் மெதுவாகச் சுற்றி அதிகம் இழுக்கிறது. காற்று குறைகிறது, ரெசிஸ்டரில் வெப்பம் ஏறுகிறது. சருகு வேறு மேலே படிந்து குளிரவிடாமல் தடுத்திருக்கிறது. தெர்மல் ஃப்யூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதை ஒயரால் இணைத்திருந்தால் அந்தத் தைலமர இலைகள் ஓரம் கருகியதோடு நின்றிருக்காது.

ஈரோட்டு வயரிங்

எண்ணெய் விடுவது பற்றிப் பணிமனைகளில் இரண்டு கட்சி உண்டு. தண்டில் ஆட்டம் இல்லாமல் வறட்சி மட்டும் என்றால், மெல்லிய எண்ணெய் சில துளி விட்டால் ஓரளவு காலம் ஓடும். அதிகம் விட்டால் கார்பன் பிரஷ் பக்கம் வழிந்து கரித்தூளோடு குழம்பாகி வேறு பழுது தரும். பக்கவாட்டு ஆட்டம் வந்துவிட்ட மோட்டாருக்கு நான் எண்ணெய் விடுவதில்லை. புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டது, எண்ணெய் அதை வட்டமாக்காது. 22 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் புது ரெசிஸ்டரை மாட்டினால் அதையும் பலி கொடுக்கிறீர்கள். மோட்டாரை மாற்றுங்கள். உங்கள் வகை வண்டியில் அதுவும் கீழ்ப்பக்கமிருந்தே கழன்றுவிடும். டாஷ்போர்டுக்கு வேலையே இல்லை.

கேபின் ஃபில்டர் கட்டாயம் போடுங்கள். அடைத்த ஃபில்டரும் காற்றைக் குறைத்து இதே வெப்பத்தைத்தான் தரும் என்பதால், போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது.

கோவை வாசகர்

இழை மிகவும் பயனுள்ளது. இடையில் என் சந்தேகம் ஒன்று: என்னுடையது தானியங்கி ஏசி வண்டி. வேக எண்களே இல்லை, படிப்படியாக ஏறும். சில நாள்களாக அணைத்த பிறகும் ப்ளோயர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுவும் ரெசிஸ்டர்தானா?

ஓம் விதி (மதுரை)

இல்லை. உங்கள் வண்டியில் சுருள்களுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாட்டு மாட்யூல் இருக்கும். அலுமினியத் தகட்டில் மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டர் பொருத்தியிருப்பார்கள். அது ஷார்ட் ஆகிவிட்டால் நிறுத்த முடியாத முழு வேகம்தான். பாதி வேகத்தில் அதிலும் நாற்பது, ஐம்பது வாட் வெப்பம் உண்டாகக்கூடும் என்பதால் அதற்கும் காற்று வேண்டும். அதைக் கெடுப்பவையும் இறுகிய மோட்டாரும் அடைத்த வழியுமே. சாவியை எடுத்த பிறகும் ஓடுகிறது என்றால் இரவில் பேட்டரி காலியாகிவிடும்; சரிசெய்யும் வரை ப்ளோயர் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள். மாட்யூலை மாற்றும் முன் மோட்டாரின் ஆம்பியரை அளக்கச் சொல்லுங்கள்.

மலைப்பாதை (குன்னூர்)

வேலை முடிந்தது. புது மோட்டார், புது ரெசிஸ்டர், புதுக் கனெக்டர், கேபின் ஃபில்டர் நான்கும் போட்டாயிற்று. வைப்பர் கீழே உள்ள துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் பின்னால் அப்படியே வடிந்துவிட்டது. நான்கில் இப்போது 13 ஆம்பியர். நான்கு வேகமும் வருகிறது, காலைக் கீச்சொலி இல்லை. எல்லாம் சேர்த்துக் கோவையில் கேட்ட தொகையில் சிறு பங்குதான் ஆனது. ஏசியையும் சேர்த்துப் போட்டு இரண்டாம் எண்ணில் வைத்தாலே கண்ணாடி தெளிந்துவிடுகிறது. பனிநகரம் அண்ணனுக்குத் தனி நன்றி.

ஈரோட்டு வயரிங்

மகிழ்ச்சி, தம்பி. ஒரு வேலை பாக்கி. இரண்டு வாரம் ஓட்டிய பிறகு, மூன்றாம் எண்ணில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்த கையோடு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உங்கள் ஒயர் இணைப்பு சரியாக நசுங்கவில்லை. கழற்றி மறுபடி செய்ய வேண்டும். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.